ஆறாவது கிண்ணம்

"கிண்ணம் எங்கேன்னு கேட்டா, உடைஞ்சுபோச்சுங்கறான் அந்தக் கீழ்வீட்டு ஹசிந்தோ! சோத்தோட சேர்த்துக் குப்பையில போட்டுட்டானாம்!"

மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு பக்கத்து வீட்டு என்கார்னா பொரிந்து தள்ளினாள்.

சம்ஃபிராவின் சமையல் மேடையில் நீல விளிம்பு போட்ட ஐந்து மண் கிண்ணங்கள் இருந்தன. அந்தச் சனிக்கிழமை காலையில் பால்சோறு நிரப்பி, மேலே ஒரு பிடி செர்ரிப் பழம் வைத்து, கட்டடத்தில் இருந்த மற்ற ஆறு வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் ஐந்து திரும்பி வந்துவிட்டன. பளிச்சென்று கழுவி, வெறுமனே தரக் கூடாதே என்று ஒன்றில் ஆலிவ் காய், ஒன்றில் பாதாம் மிட்டாய்.

"நீங்களே வெச்சுக்குங்கன்னு சொன்னேனே அக்கா..."

"புத்தம் புதுக் கிண்ணத்தை எப்படிடி வெச்சுக்கறது? ஸ்பெயின்காரங்க எல்லாருமே அந்த ஹசிந்தோ மாதிரின்னு நினைச்சியா? என் ஏணியை வாங்கிட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் வந்தபாடில்லை. நீ கவலைப்படாதே. எங்க தெருவுக்கே அந்த ஆளால அவமானம்."

சொல்லிவிட்டு, பெரிய உபகாரம் செய்த திருப்தியோடு போய்ச் சேர்ந்தாள்.

சம்ஃபிரா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் பிறந்தது ருமேனியாவில்; பிழைக்க வந்தது இந்த ஸ்பெயினுக்கு. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் ரூசாலிப் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, அங்கே செத்தவர்களுக்காகப் புதுப் பாத்திரத்தில் சோறு வைத்துக் கொடுப்பார்கள். வாங்குகிறவர், 'கடவுள் அவங்களை மன்னிக்கட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லி, பாத்திரத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அது போனவர்களுக்குப் போய்ச் சேரும். திரும்பி வந்துவிட்டால், அங்கே அவர்களுக்குச் சாப்பிட ஒரு பாத்திரம்கூட இருக்காது.

பிப்ரவரியில்தான் அவள் அம்மா இறந்துபோனாள். அவள் வேலை பார்க்கும் பூண்டுக் கொட்டகையில் அப்போது மும்முரம், லீவு கொடுக்கவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தாள். பெட்டியை மூடுகிற நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. ஒரு பிடி மண் போடக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. இந்தக் கிண்ணத்தையாவது ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும் என்றிருந்தாள்.

எதற்காகக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்தான். போன வருடம் அடுத்த ஊரில் அவள் சிநேகிதி ரோடிகா அப்படித்தான் சொன்னாள். 'செத்தவங்க சோறா?' என்று எதிர்வீட்டுக்காரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். அதனால் இவள் வாயைத் திறக்கவில்லை.

அம்மா இல்லாத ஏக்கம் ஒரு பக்கம். இத்தனை பேர் நடுவில், வாங்கிய கிண்ணத்தைத் திருப்பித் தராத ஒரே ஒரு ஆள் தனக்கு இல்லையே என்ற ஏக்கம் இன்னொரு பக்கம். இருந்த ஒன்றும் குப்பைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை துணி உலர்த்தக் கீழே முற்றத்துக்குப் போனாள். தரைத்தள வீட்டின் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஹசிந்தோ கிழவர் பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் முன்னால் இருந்தது நீல விளிம்பு போட்ட மண் கிண்ணம். ஒரு கீறல்கூட இல்லை.

சம்ஃபிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வாங்கும்போது 'நன்றி' என்றுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்தின மனுஷன். இப்படித் திருடி வைத்துக்கொண்டது அம்மாவுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

"என்ன ஐயா, கிண்ணம் உடைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களாமே?"

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"ஆமா, சொன்னேன்."

"எதுக்கு அப்படி ஒரு பொய்?"

"இருக்குன்னு சொல்லியிருந்தா அந்த என்கார்னா விட்டிருப்பாளா? புடுங்கிக் கழுவி உன் கையிலேயே கொண்டாந்து திணிச்சிருப்பா. அவ வாய்க்கு முன்னாடி நின்னு ஜெயிக்க எனக்கு வயசில்லை."

சம்ஃபிரா கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட மறந்து நின்றாள்.

"அவங்க உங்களைத் திருடன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க ஐயா."

"சொல்லட்டும். ஏணியில ஏற்கனவே எடுத்த பேருதான்."

ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"என் சம்சாரம் படுக்கையில இருந்த நாலு வருஷமும் அவளைப் பார்த்துக்கிட்டவ உங்க ஊர்க்காரிதாம்மா. வருஷா வருஷம் இதே சனிக்கிழமை, இதே பால்சோறு, இதே செர்ரி, புதுக் கிண்ணத்தோட குடுப்பா. என்னைத் தவிர வாங்கிக்க அவளுக்கும் இங்கே ஆள் கிடையாது. அதனால நேத்து நீ கொண்டுவந்து நீட்டினப்பவே புரிஞ்சுபோச்சு, இது திரும்பிப் போகக் கூடாத கிண்ணம்னு."

மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்து ஜன்னலோரம் வந்தார்.

"ஆனா ஒண்ணு. யாருக்காகன்னு நீயும் சொல்லலை, எனக்கும் கேக்கத் தெரியலை. நேத்துலேர்ந்து ஒவ்வொரு வாய்க்கும் 'கடவுள் மன்னிக்கட்டும்'னு மொட்டையா சொல்லிட்டுத்தான் சாப்பிடறேன். பேரைச் சொல்லும்மா, அவங்களுக்குச் சரியாப் போய்ச் சேரட்டும்."