ஸ்டோர் ரூம் மூலை

பாக்டீரியாவுக்குத் தீனியாக வெல்லத் தண்ணீர் ஊற்ற வேண்டிய குழாயில், யாரும் பார்க்காத நேரம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினாள் ஷோபா. தான் வளர்த்த பாக்டீரியாவைத் தானே கொன்றாள்.

மற்ற இடங்களில் அது மண்ணில் ஊறிய பெயிண்ட் தின்னரை ஜோராகத் தின்றுகொண்டிருந்தது. பழைய ஸ்டோர் ரூம் பக்கம் மட்டும்தான் இந்த அநியாயம். மண் சோதனையில் ஒரு மூலை தேறாவிட்டாலும் முதலாளி பூபாலன் நிலத்தை விற்க முடியாது.

இதே பெயிண்ட் ஃபாக்டரியில்தான் அவள் அப்பா ஆரோக்கியசாமி ஸ்டோர் கீப்பராக இருந்தார். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில், ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவேயில்லை. "சரக்கைத் திருடி வித்துட்டு ஓடிட்டான்" என்று முதலாளி பூபாலன் போலீசில் சொன்னார். குடியிருந்த மெட்டுகுடாவில் தலைகாட்ட முடியாமல், திருடன் பெண்டாட்டி என்ற பேரோடுதான் அம்மா கண்ணை மூடினாள்.

அட, அந்த ஆளைச் சும்மா விடுவாளா ஷோபா?

ஃபாக்டரியை மூடிய பூபாலனுக்கு, கொண்டாப்பூர் பில்டர் ஒருவருக்கு நிலத்தை விற்க ஒரே அவசரம். மண்ணைத் தோண்டி லாரியில் அள்ளிவிடலாம், ஒரே மாதம் என்று வந்தவர்களை எல்லாம் விரட்டினார். "தோண்டாமலே சுத்தம் பண்ணுவியாமே? நீயே பண்ணும்மா. ஸ்டோர் ரூம் பக்கம் மட்டும் குழாயை ஆழமா இறக்காதே" என்று ஷோபாவிடம் வேலையைக் கொடுத்தார். அவள் யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை.

இன்று மண்ணைச் சோதித்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பத்மஜா உதட்டைப் பிதுக்கினார். "எல்லா இடமும் க்ளீன். ஸ்டோர் ரூம் மூலை மட்டும் தேறலை. அங்க தோண்டி அள்ளிடுங்க."

பூபாலனுக்கு வியர்த்துக் கொட்டியது. "நக்கோ மேடம், தோண்டவே வேணாம்! இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல. பாக்டீரியாவே தின்னட்டும்."

"சீக்கிரம் விக்கணும்னு நீங்கதானே சார் குதிச்சீங்க?"

ஷோபா கையை அசைத்தாள். அவள் காலையிலேயே வரவழைத்திருந்த ஜேசிபி உறுமிக்கொண்டு வந்தது. பூபாலன் ஓடிப்போய் அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"யாரும்மா நீ? எதுக்கு என்னை இப்படிப் படுத்தறே?"

ஷோபா அவர் காலுக்குக் கீழே இருந்த மண்ணையே பார்த்தாள்.

"ஆரோக்கியசாமி பொண்ணு. எங்கப்பா எங்கேயும் ஓடிப்போகலை, சார்."