ஒன்பது மணி மெயில்

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் செல்போனை நீட்டினாள் இசைவாணி.

"இத பாருங்கக்கா! மெயில இன்னிக்கே எழுதி டைம் வச்சிட்டா, நாளைக்கு அதுவா போய்டும்! இப்பதான் கத்துக்கினேன்!"

"அப்படியா? எங்கம்மா வேலை?"

"வெள்ளிமலை கிளையில, புதுசுக்கா. இன்னிக்குக் கள்ளக்குறிச்சி ஹெட் ஆபீஸ்ல மீட்டிங். அங்க இருக்கற எங்க மேனேஜர இன்னும் பாத்ததே இல்ல. ஆனா தெனம் ஒம்போது அடிச்சா, 'நான் சீட்டுக்கு வந்தாச்சு, நீங்க?'ன்னு மெயில் வந்துரும். அவங்க லேட்டே ஆவ மாட்டாங்க!"

மலைப்பாதையில் ஐந்தாவது வளைவு. செல்போன் 'டிங்' என்றது.

"அய்யோ, வந்துட்டாங்க! நான் செத்தேன்க்கா!"

அந்தப் பெண் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பதறாதம்மா. அத நேத்து சாயங்காலமே எழுதி டைம் வச்சிட்டேன்."