மகாலில் வாய்தா

"கோர்ட்டுக்குப் போற மனுசன் பச்சப்புள்ளைகள எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறீக?" என்று புருசனைக் கேட்டாள் மொக்கம்மாள்.

"கேஸு அதுபாட்டுக்கு நடக்கும். புள்ளைக மதுரையப் பாக்க வேணாமா?" என்றான் கர்ணன்.

மலையம்மாளுக்கு ஏழு வயது, சின்னச்சாமிக்கு ஐந்து. வாய்தா தேதி வந்தால் அவர்களுக்குத் திருவிழாதான். காமயகவுண்டன்பட்டியிலிருந்து தேனி வரை பஸ், தேனியிலிருந்து மதுரைக்கு ரயில். கோயிலில் பேசுகிற கிளி, ஆசீர்வாதம் பண்ணுகிற யானை, குளத்தில் போடப் பொரி. அந்தக் காலத்தில் கோர்ட்டு நடந்ததும் திருமலை நாயக்கர் மகாலுக்குள்ளேயேதான். வழக்குக்கு வழக்கு, வேடிக்கைக்கு வேடிக்கை.

"புள்ளைகள இம்புட்டுச் சீராட்டுற தகப்பன எங்கயும் பாத்ததில்லப்பா" என்று ஊரில் கர்ணனை மெச்சினார்கள். அவனும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டான்.

அவன் மனசுக்குள் இருந்தது வேறு.

வழக்கு கூடப்பிறந்த அண்ணன் ராக்கையாவோடுதான். அண்ணனின் தென்னந்தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையைக் கர்ணன் முள்ளு போட்டு அடைத்தான். பெரியகுளம் கோர்ட்டில் தீர்ப்பு அவன் பக்கம் வர, ராக்கையா மதுரையில் அப்பீல் போட்டார். மூன்று வருசமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஊரில் பிள்ளைகளை அண்ணன் தெருப்பக்கமே கர்ணன் விடுவதில்லை.

ராக்கையாவுக்குக் குழந்தை இல்லை. அந்த இடத்தில் குத்தினால்தான் வலிக்கும் என்று தம்பிக்குத் தெரியும். அதனால்தான் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டு, எண்ணெய் வைத்துச் சீவி, மகாலில் அண்ணன் நிற்கும் தூணுக்கு நேர் எதிர்த்தூணில் உட்கார வைப்பான். அல்வாவைப் பிட்டுப் பிட்டு ஊட்டுவான்.

"வண்டி வண்டியாத் தேங்காய ஏத்தி யாருக்குக் குடுக்கப் போறாகளாம்?" என்று வக்கீலிடம் பேசுகிற சாக்கில் உரக்கச் சொல்வான்.

ராக்கையா அங்கேயிருந்து பார்த்துக்கொண்டே நிற்பார். கொஞ்ச நேரத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். கர்ணனுக்கு அல்வா அப்போதுதான் இனிக்கும்.

"அப்பா, பெரியப்பா என்னையப் பாத்துச் சிரிக்கிறாக" என்றாள் ஒருதரம் மலையம்மாள்.

"அங்கிட்டுத் திரும்பாத. திரும்புனா இன்னைக்கு யானை கிடையாது."

யானை கிடையாது என்றதும் சின்னச்சாமி அக்காவின் முகத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினான். அதற்கப்புறம் ரெண்டும் அந்தத் தூண் பக்கம் பார்க்கவே இல்லை.

ஒவ்வொரு தடவையும் ராக்கையாவின் வக்கீல் எழுந்து, நகல் கிடைக்கவில்லை, காகிதம் வரவில்லை என்று ஏதாவது சொல்லி வாய்தா வாங்கிவிடுவார்.

"வேணும்னே இழுத்தடிக்கிறாக! அலைய விட்டே என்னையச் சாகடிக்கணும்னு நெனப்பு" என்று திரும்புகிற ரயிலில் கர்ணன் பல்லைக் கடிப்பான். பிள்ளைகள் அடுத்த வாய்தா எப்போது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு வரும்.

அந்த வருசம் ரயில் நின்றது. உலக யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்தது, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ். உட்கார இடமில்லாமல், புகையில் கண் எரிய, மேட்டுக்கு மேடு இறங்கித் தள்ளிவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகள் அழுதார்கள். கர்ணன் தனியாகத்தான் புறப்பட்டான்.

மகால் படியில் அவன் தலை தெரிந்ததும் ராக்கையா எட்டிப் பார்த்தார். படியிறங்கி வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். தயங்கித் தயங்கித் தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"புள்ளைக வரலையா?"

மூன்று வருசத்தில் அண்ணன் பேசிய முதல் பேச்சு.

கர்ணன் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ரயிலு நின்னு போச்சு. இனிமே வராதுக."

ராக்கையா தலையை ஆட்டினார். நேரே தன் வக்கீலிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அரைமணி நேரத்தில் காரியம் முடிந்தது. அப்பீலை வாபஸ் வாங்கிக்கொண்டார். யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

கர்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ராக்கையாவின் வக்கீலுடைய குமாஸ்தா காகிதக் கட்டோடு வந்தவர் அவனைப் பார்த்து நின்றார்.

"பாத்தீகளா? கடைசில அவரே தோல்விய ஒத்துக்கிட்டாரு" என்றான் கர்ணன்.

"இது நிக்காத கேஸுன்னு மொத நாளே எங்க வக்கீல் சொல்லிட்டாருய்யா. உங்கண்ணன்தான் விடல. தீர்ப்பு வேணாம், வாய்தா மட்டும் வாங்கிக் குடுங்கன்னுவாக. மூணு வருசமும் அதேதான்."

"என்னைய அலைய விடத்தானே?"

"புள்ளைகளப் பாக்க."

கர்ணன் படிப்பக்கம் பார்த்தான். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்ட ஒவ்வொரு தடவையும் தான் சந்தோசப்பட்டது நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அழுத்தியது. ஓடிப்போய்க் காலைப் பிடிக்கலாம் என்று ரெண்டு படி இறங்கியவன் திரும்பி வந்தான்.

"என்னையப் பத்தி... ஏதாச்சும் சொன்னாகளா?"

"எப்பவும் சொல்றதுதான்" என்றார் குமாஸ்தா. "ஊர்ல மொகம் குடுக்கத் தம்பிக்குக் கூச்சம், ஆனா பாசக்காரன், எனக்குக் காட்டணும்னுதான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் புள்ளைகளச் சிங்காரிச்சுக் கூட்டியாந்து எதுக்க உக்கார வைக்கிறான், அப்படிம்பாக."