நாய் என்கிறார்

நின்றுகொண்டிருந்த பெண்ணின் வயிற்றில் ஏறி எந்த நாய் கடிக்கும்?

மாணிக்கவாசகம் கோப்பை மறுபடியும் புரட்டினார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் மெடிக்கல் கோடர். காயம் எங்கே, எவ்வளவு ஆழம், எதனால் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும்.

வயிற்றின் இடப்பக்கம், தொப்புளுக்கு மேலே. உள்ளே இறங்காத கடி. அதுவரை சரி. 'எதனால்' என்ற இடத்தில் டாக்டர், 'நாய் என்கிறார்' என்று எழுதியிருந்தார்.

போட்டோவில் பற்கள் அரைவட்டமாகப் பதிந்திருந்தன. சந்தேகமே இல்லை. மனுஷப் பல்.

இரண்டாவது ஊசிக்கு வந்திருந்த சங்கரியைக் கூப்பிட்டார். கூடவே புருஷன் வேல்முருகனும் வந்தான். சிவந்த கண், கடுகடுத்த முகம். எது கேட்டாலும் அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

மாணிக்கவாசகத்துக்கு விளங்கிவிட்டது. நாய் என்றே போட்டுவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் இப்படி எத்தனை கோப்புகளை மூடியிருக்கிறோம் என்று நெஞ்சு உறுத்தியது. மருந்துச் சீட்டைக் கொடுத்து வேல்முருகனை வெளியே அனுப்பினார்.

"வீட்டுக்காரராம்மா?"

திடுக்கிட்ட சங்கரி சிரித்தே விட்டாள். "அவரா? முறுக்கையே காபியில ஊறவெச்சுத் தின்ற ஆளு சார்."

"அப்ப யாரு? மனுஷக் கடிக்கு மருந்து வேறம்மா. மறைச்சா புண்ணு சீழ் வெச்சிடும்."

கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பள்ளியில் அவளுக்கு உதவியாளர் வேலை. சாமி புறப்பாட்டு வேட்டுச் சத்தத்தில் எட்டு வயதுப் பெண்ணொருத்தி மிரண்டு அலறினாள். சங்கரி இழுத்து அணைத்துக்கொண்டாள். அணைத்த இடத்தில் குழந்தையின் வாய் இருந்தது.

"கடிக்கற புள்ளைன்னு தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்க சார். இது அங்க இருக்கற நாலு மணி நேரந்தான் அவங்கம்மா தறியில உக்கார முடியுது."

கோப்பு இன்சூரன்ஸ் கம்பெனியைத் தாண்டிப் போகாது, பள்ளிக்கு ஒரு வரி போகாது என்று அவர் விளக்கினார். டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லச் சம்மதிக்க வைத்தார். பிறகு எண்ணைத் தட்டினார்: மனிதக் கடி. தாக்குதல் அல்ல, தற்செயல்.

சங்கரிக்கு மூச்சு வந்தது. எழுந்தவள் தயங்கினாள்.

"எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். நல்ல மனுசந்தான், வாய்தான் நிக்காது."

"அவரு ஒண்ணும் சந்தேகப்படலையா?"

"எங்க சார்? மூணு நாளா ராத்தூக்கம் இல்லாம, தடியும் கையுமா பிள்ளையார்பாளையம் பூரா அந்த நாயத் தேடிக்கினு இருக்கறாரு. எங்க தெருவுலயே இல்லாத நிறமாப் பாத்துச் சொல்லி வெச்சிருக்கறேன்."