இரண்டெழுத்து அடித்தால் போதும்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மனிதகுலம் ஒரு பெயரை முழுசாக அடித்துக் கைவலி கண்ட இருண்ட காலம், அன்று காலை பதினொரு மணிக்கு, மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் முடிவுக்கு வந்தது.

முடித்து வைத்தது ஒரு மெனு.

அலுவலகத்தின் சாட் செயலியில் சின்னதாக ஒரு பெட்டி. அதில் ஒருவர் பெயரின் முதல் இரண்டெழுத்தை அடித்தால் போதும். மீதியை அதுவே ஊகித்து, அப்படித் தொடங்கும் அத்தனை பேரையும் கீழே வரிசையாகத் தொங்கவிடும். வேண்டியவரைத் தொட்டால் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் இன்னொருவர், அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் என்று எத்தனை பேரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம்.

இதைத்தான் இயக்குநர் மேடையில் நின்று, 'மனித உறவுகளின் புதிய வாசல்' என்று இருபது நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலைக் கட்டியவர் இரண்டாம் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தாறு. முப்பத்தேழில் இங்கே வந்தபோதே, சுற்றிலும் மீசை முளைக்காத முகங்கள் என்பதால், அவருக்குப் 'பெரிசு' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒன்பது வருடமாக அந்தப் பெயர் நிரந்தரம். வேலை மட்டும் ஒப்பந்தம்.

மெனுவுக்கு ஒன்றரை மாதம் ஆனது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது, தப்பாக உட்கார்ந்தவரை எப்படி எழுப்புவது, எழுத்தை அழித்தால் பட்டியல் எப்படித் திரும்ப வளரும் என்றெல்லாம் வீட்டிலும் விளக்கிப் பார்த்தார்.

"பேரைத் தேடுறதுக்கு ஒரு பொட்டி. அதுக்கு ஒன்றரை மாசமா? எங்க அண்ணனுக்குப் பொண்ணு தேடினதே பதினஞ்சு நாள்ல முடிஞ்சுது" என்றாள் மனைவி.

அதே மனைவி இன்று காலை, கேட்காமலேயே அவருடைய நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

காரணம் இருந்தது. இயக்குநர் இன்று அந்த மெனுவிலேயே, எல்லோர் கண்முன்னும், புதிய குழுவுக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். நால்வரில் ஒருவரானால் பெரிசின் வேலை நிரந்தரம். ஆகாவிட்டால், ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு சரி. மூன்றாவது பெயர் உங்களுடையதுதான், முகத்தை மட்டும் கொஞ்சம் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று மேலாளர் நேற்றே காதைக் கடித்திருந்தார்.

பெரிசு முகத்தை அப்படியே வைத்திருந்தார்.

சுவரளவு திரையில் பெட்டி திறந்தது. இயக்குநர் ஒற்றை விரலால், தேன்கூட்டைத் தொடுகிறவர்போலத் தட்டினார். இரண்டெழுத்து. முதல் பெயர் வந்து உட்கார்ந்தது. கைதட்டல். இரண்டாவது பெயரும் உட்கார்ந்தது. அதற்கும் கைதட்டல்.

மூன்றாவது.

இரண்டெழுத்துக்கு ஏழு பேர் தொங்கினார்கள். பெரிசு இல்லை. மூன்றாம் எழுத்துக்கு இரண்டு பேர். நான்காம் எழுத்தில் பட்டியலே மறைந்து, 'பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து நின்றது.

அந்த வரியையும் பெரிசுதான் எழுதினார். முதலில் 'அப்படி யாரும் இல்லை' என்று இருந்தது. யாருக்காவது மனசு நோகுமே என்று மாற்றினார்.

இயக்குநர் முழுப் பெயரையும் அடித்தார். தலைப்பெழுத்தை முன்னால் போட்டு அடித்தார், பின்னால் போட்டு அடித்தார். சாம்பல் வரி அசையவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பெரிசு மடிக்கணினியைத் திறந்தார். பட்டியலில் இருந்த முந்நூறு பேரின் பெயரையும் அடித்துச் சோதித்தவர், தன் பெயரை மட்டும் அடித்துப் பார்க்கவில்லை. கூச்சம். இப்போது மெனுவுக்காகத் தான் எழுதிய நிரலை மேலிருந்து கீழாகப் படித்து, தன் பெயர் விடுபட்ட இடத்தை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குள் மேடைக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. நான்கு நாற்காலி என்று அறிவித்தாயிற்று. ஒன்று காலியாக இருந்தால் வாசலுக்கு அழகில்லை. இயக்குநர் பழையபடி இரண்டெழுத்தை அடித்து, ஏழு பேரில் முதலில் தொங்கியவரைத் தொட்டார். அவர் கிடங்கில் மேசை நாற்காலிகளுக்கு எண் ஒட்டுகிறவர். திடுக்கிட்டு எழுந்து நாலாப் பக்கமும் கும்பிட்டார். எல்லாவற்றையும்விடப் பலத்த கைதட்டல் அவருக்குத்தான்.

மேலாளர் குனிந்தபடியே ஓடிவந்து, என்ன ஆச்சு என்று முகத்தால் கேட்டார். பெரிசு திரையை அவர் பக்கம் திருப்பினார்.

ஒரே ஒரு வரி. மெனு வேலை தொடங்கிய முதல் நாள், வெளியாட்கள் வேண்டாம், நம்ம ஆளுங்க பேர் மட்டும் வரட்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அன்று மதியமே ஒப்பந்தக்காரர்கள் எல்லோரையும் பட்டியலிலிருந்து விலக்கிப் பெரிசு தன் கையால் எழுதிய வரி அது. எழுதும்போது தன்னைப் பற்றிய நினைப்பே அவருக்கு வரவில்லை. ஒன்பது வருடமாக அவர் நம்ம ஆள்.

அழித்துவிட்டு இன்னொரு முறை தேடச் சொல்லலாம். பத்து நொடி வேலை. பெரிசின் விரல் அழிக்கும் பொத்தானின் மேலேயே இருந்தது.

மேலாளர் அந்த வரியைப் படித்தார். மேடையைப் பார்த்தார். கும்பிட்டுக்கொண்டே இருந்தவரைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியை, பெரிசின் விரல் நசுங்காதபடி, மெதுவாக மூடினார்.

"விடுங்கண்ணா. கை தட்டிட்டாங்க."

மெனுவில் ஒரு பிழையும் இல்லை.