கடைசி மடக்கில் ஒரு கசப்பு

“இன்னாம்மா சமைச்சிப் போடுறீங்க இவருக்கு?”

டாக்டர் கேட்டது என் பெண்டாட்டி தையல்நாயகியை. கையில் பிடித்திருந்தது என் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. தேதி 3-10-86. வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று நாற்பது. சாப்பிட்ட பிறகு முந்நூற்று முப்பது.

போன மாதம் வரைக்கும் நூற்றுப் பத்து, நூற்று ஐம்பது என்று தங்கமாக இருந்த ரத்தம்!

“அடுத்த மாசமும் இப்படியே வந்தா தினமும் ஊசிதான்” என்றார்.

ஊசி என்றதும் பழியை யார் தலையில் போடலாம் என்று பார்த்தேன். தையல்நாயகி பக்கத்திலேயே நின்றாள். வசதியாகப் போயிற்று.

“காலைல கேப்பைக் களி, ராத்திரி கோதுமை ரவை. இவ போடுறதைத் தவிர வேற எதுவும் என் பல்லுல படாதுங்க. அதுல இன்னா கலக்குறாளோ!” என்றேன்.

தையல்நாயகி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள்.

“என் தப்புதாங்க. இந்த மாசம் கவனிக்காம விட்டுட்டேன்.”

பார்த்தீர்களா, அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள்!

வெளியே வந்ததும், “நீங்க போய் திண்டிவனம் பஸ்ல எடம் புடிங்க. இதோ வந்துர்றேன்” என்று நழுவினாள். விழுப்புரம் வரும்போதெல்லாம் இதே கதைதான். பத்து நிமிஷம் கழித்து வெறுங்கையோடு வருவாள். எனக்குத் தெரியாமல் பாதுஷா தின்றுவிட்டு வருகிறாள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். கட்டின புருஷன் களி தின்கிறான், இவளுக்குப் பாதுஷா கேட்கிறது!

பஸ்ஸில் அவளைத் திட்ட ஆரம்பித்தவன் கூட்டேரிப்பட்டு தாண்டியும் ஓயவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உங்களிடம் மறைப்பானேன்? நான் பத்திரம் எழுதுகிறவன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பேன். பதிய வருகிற பார்ட்டி எழுத்தருக்கு டீ வாங்கித் தராமல் கையெழுத்தே போட மாட்டான். ஒரு நாளைக்கு ஆறு டீ நிச்சயம். பக்கத்திலேயே அந்தோணிசாமி கடை.

“தாண்டவராயன் சாருக்கு ஒண்ணு” என்று பார்ட்டி சொன்னால் போதும். நான் அந்தோணிசாமியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவேன். சர்க்கரை தூக்கலாகப் போடு என்று அர்த்தம்.

டீ அப்படி இனிக்கும். கடைசி மடக்கில் மட்டும் லேசாக ஒரு கசப்பு வரும். “அதான்யா அசல் மலைத்தூளு. நாக்கு இருக்கிறவனுக்குத்தான் தெரியும்” என்று பார்ட்டிக்கு விளக்கம் வேறு சொல்வேன்.

ஒரு வருஷமாக இந்த ஆறு டீயையும் குடித்துக்கொண்டுதான் நூற்றுப் பத்து வாங்கினேன். “உங்க கட்டுப்பாடே கட்டுப்பாடு சார்” என்று டாக்டர் மெச்சும்போது வெட்கமில்லாமல் தலையாட்டினேன். என் உடம்பு இரும்பு என்றே முடிவு கட்டியிருந்தேன். இந்த மாதமும் அதே ஆறு டீதான். அப்படியென்றால் கோளாறு களியில்தானே இருக்க வேண்டும்? வில்லங்கம் கண்டுபிடிப்பதில் திண்டிவனத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மறுநாள் காலை டீக்கடையில் அந்தோணிசாமி நின்றான். வேளாங்கண்ணிக்கு நடந்து போனவன், கால் வீங்கி, கடலூரில் தங்கை வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் படுத்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தான். அதுவரைக்கும் அவன் மச்சான்தான் டீ போட்டான். அதில் இனிப்பு இருந்தது, அந்தக் கசப்புதான் இல்லை.

இதோடு நிறுத்திவிடலாம், கடைசியாக ஒன்றே ஒன்று என்று வாங்கிக் குடித்தேன். கடைசி மடக்கில் வந்தது பாருங்கள், அதே கசப்பு!

“இதாம்ப்பா டீ! உன் மச்சானுக்குக் கைப்பக்குவமே இல்ல.”

“இன்னா சார், ஒரு மாசத்துல இப்படி எளைச்சிட்டீங்க?”

“அதை ஏன் கேக்குற? ரத்தத்துல சக்கரை முந்நூத்தி முப்பதாம். வீட்டுல அவ சமைக்கிற லட்சணம் அப்படி.”

அந்தோணிசாமி டீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையை அப்படியே கீழே வைத்தான்.

“ஐயையோ மாதாவே! கெளம்புற ஜல்தில மச்சான்கிட்ட சொல்லாம போய்ட்டேனே சார்! அவன் உங்களுக்கும் சக்கரையவே போட்டுட்டான் போல!”

“டீயில சக்கரை போடாம வேற இன்னாத்தைப் போடுவாங்க?”

டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சின்ன பாட்டிலை எடுத்தான். உள்ளே அரிசி நொய் அளவுக்குக் குட்டிக் குட்டி மாத்திரைகள்.

“சாக்ரின் மாத்திரை சார். நல்லா இனிக்கும், ஆனா சக்கரை ஏறாது. கடைசில லேசாக் கசக்கும், அவ்ளோதான். ஒரு வருசமா உங்க கிளாஸ்ல இதான்.”

நாக்கு இருக்கிறவனாம் நான்!

“யாருய்யா குடுத்தது இதை?”

“உங்க வீட்டம்மாதான் சார். போன வருசம் சந்தைக்குப் போறப்போ, நீங்க டீ குடிக்கிறதை எதிர்த்தாப்புல நின்னு பார்த்துட்டாங்க. அப்புறம் மாசாமாசம் விழுப்புரத்துலேர்ந்து வாங்கியாந்து, நீங்க இல்லாத நேரமாப் பார்த்துக் குடுத்துட்டுப் போறாங்க.”

அப்படியென்றால் விழுப்புரத்தில் அந்தப் பத்து நிமிஷம் பாதுஷாவுக்கு இல்லை!

“என்னை ஒரு வார்த்தை கேக்கலியே அவ?”

“நானும் அதையேதான் சார் கேட்டேன். ‘கேட்டா இதையும் விட்டுடுவாரு. பாவம், பல்லைக் கடிச்சிக்கினு களியத் தின்றாரு. ஒரு டீயையாவது என்னை ஏமாத்திட்டோம்னு சந்தோசமா குடிச்சிட்டுப் போவட்டும்’னாங்க.”