குறை சொல்லும் வாய்

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

அவன் தன் தட்டைத் தொடவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பது தெரியக் கூடாதென்று காபியை ஊதுவது போல ஒரு பாவனை. காபி ஆறிப்போய் வெகு நேரமாகியிருந்தது.

விழுங்கினாள்.

இப்போது சொல்வாள். போன வாரக் கடையிலும் அதற்கு முந்தைய வாரக் கடையிலும் சொன்னதைத்தான் சொல்வாள்.

நல்லா இருக்கு.

அதைக் கேட்கத்தான் அவனுக்குப் பயம்.

முன்பெல்லாம் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை லேசில் வராது. கல்யாணப் பந்தியில் ரசத்தை ஒரு விரல் தொட்டுவிட்டு, புளி பழசு என்பாள். பெண் வீட்டார் காதில் விழுந்தாலும் கவலையில்லை.

அவனுக்கு நியூ மெக்சிகோவில் வேலை கிடைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக இந்த ஊருக்கு வந்த முதல் சனிக்கிழமையே பரிட்டோவுக்கு மார்க் போட ஆரம்பித்துவிட்டாள். மைதா ரொட்டிக்குள் முட்டையும் உருளைக்கிழங்கும் மிளகாய்க் குழம்பும் வைத்துச் சுருட்டித் தருகிற காலைச் சாப்பாடு அது. ஊரே வரிசையில் நின்று வாங்கும். அவள் ஒரு வாய் கடிப்பாள். கண்ணை மூடுவாள். தீர்ப்பு வரும்.

ரொட்டி வேகலை. முட்டை ரப்பர். கிழங்கு நேத்தையது.

சொல்வது தமிழில்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் கடைக்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். அம்மா என்ன சொல்கிறார் என்று அவனிடம் கேட்பார்கள். கட்டட வேலை செய்கிற இடத்தில் பழகிக் கற்றுக்கொண்ட ஸ்பானிஷில் அவன் சொல்வான், பிரமாதமாக இருக்கிறதாம். மேசைக்கடியில் அவன் காலில் ஒரு மிதி விழும். அந்த அளவுக்கு ஸ்பானிஷ் அவளுக்கும் தெரியும்.

ஒரு நல்ல பரிட்டோ இந்த ஊரில் கிடைக்காமலா போய்விடும் என்று சனிக்கிழமை தோறும் அலைந்தார்கள். டயர் கடைக்குப் பக்கத்தில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால், சலவைக் கடை வாசலில் நிற்கிற வண்டியில்.

ஒரு கடையும் அவளிடம் பாஸாகவில்லை.

பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது.

ரேடியேஷன் கொடுத்தார்கள். கட்டி போனது. போகிற போக்கில் நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வந்தாலும் வரலாம், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஆளைத் திருப்பிக் கொடுத்தாயே என்று அவன் கும்பிடாத சாமி இல்லை. அதற்கு மேல் ருசியையும் கேட்பது பேராசை என்று அவனுக்கே தெரியும்.

ஆனாலும் கேட்டான். கொஞ்சம் கூச்சத்தோடு.

வீட்டில் அவன் எதைச் செய்து வைத்தாலும் அவளுக்கு நல்லா இருந்தது. அடிபிடித்த உப்புமா நல்லா இருந்தது. உப்புப் போட மறந்துபோன கஞ்சியும் நல்லா இருந்தது. அவன் மனம் நோகக் கூடாதென்று, ருசியே தெரியவில்லை என்பதை மறைக்கிறாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை அலைச்சலை மறுபடி ஆரம்பித்தான். நல்ல பரிட்டோ தேடுவதாகத்தான் பேர். அவன் தேடியதோ அவள் குறை சொல்கிற ஒரு பரிட்டோவை.

இன்று வந்திருப்பது நாலே மேசை உள்ள கடை. சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே அம்மாள். மிளகாய்க் குழம்பு சிவப்பா பச்சையா என்று கேட்டார். காரம் இன்னும் தொண்டைக்கு ஆகாது. இரண்டும் வேண்டாம் என்றான்.

அந்த நல்லா இருக்கு வரவில்லை. அவள் இன்னொரு வாய் கடித்தாள்.

கண்ணை மூடினாள்.

அவன் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. அவள் கண்ணை மூடிச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

"உப்புக் கரிக்குதுங்க," என்றாள். "கிழங்கு வேகும்போதே போட்டிருக்கணும். இந்தம்மா கடைசில அள்ளித் தூவியிருக்காங்க."

அவன் உடனே நம்பிவிடவில்லை. முன்பு ஒருமுறை எல்லாம் கசக்கிறது என்று சொன்னாள். ருசி திரும்பிவிட்டதென்று ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தான். தண்ணீரும் கசக்கிறது என்றாள். அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை.

அவள் தட்டிலிருந்து ஒரு துண்டு கிழங்கை எடுத்து வாயில் போட்டான்.

கரித்தது.

நிஜமாகவே கரித்தது. உப்பு பல்லில் நறநறத்தது. இவ்வளவு மோசமான உருளைக்கிழங்கை அவன் ஜென்மத்தில் சாப்பிட்டதில்லை. கண் கலங்கியது. உப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு இன்னொரு துண்டு எடுத்தான்.

அடுப்புப் பக்கமிருந்து அந்த அம்மாள் கையைத் துடைத்தபடி வந்தார். இவள் முகத்தைப் பார்த்தார். அம்மா என்ன சொல்கிறார் என்று அவனிடம் கேட்டார்.

மேசைக்கடியில் அவள் கால் தயாராக நகர்ந்து வந்தது.

அவன் முதல்முறையாக உள்ளதை உள்ளபடி சொன்னான். உப்பு அதிகமாம். கடைசியில் தூவிவிட்டீர்களாம். மகள் பாஸாகிவிட்டாள் என்று தெருவுக்கே சொல்லுகிற தகப்பன் மாதிரி சொன்னான். சொல்லி முடித்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கால் மிதிக்கவில்லை. அவன் பாதத்தின் மேல் சும்மா இருந்தது.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குறையையும் சொல்லிவிட்டு இந்த ஆள் எதற்குக் கும்பிடுகிறான்? முகம் வாடிப்போய், வேறு செய்து தருகிறேன் என்று தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

தட்டின் மேல் இரண்டு கைகள் விழுந்தன.

அவள் கைதான் முந்தியது.